எத்தனை இலை என்று கேட்பதில்லை

தப்பான கட்டளை ஒன்றை அடித்துவிட்டால் ஆவணி மாதத்துக் கல்யாணங்கள் எல்லாம் அழிந்துபோகும் என்று நான் நம்பினேன். கல்யாணங்கள் என்றால், எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த கல்யாண ஆர்டர்கள். பயத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ஒரு காற்புள்ளி இடம் மாறினால் எங்கோ ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளை மணையை விட்டு எழுந்து, சாப்பாடு எங்கே என்று என்னைத் தேடுவார் என்றே தோன்றும். நான் பட்டம் வாங்கியவன். ஐம்பதைத் தாண்டியவன். அடுத்தவன் பயந்தால் வயிறு வலிக்கச் சிரிப்பவன். அப்படிப்பட்டவன் ஒரு ஆடி மாதம் முழுக்க விசைப்பலகையை, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைத் தொடுவது போல விரல் நுனியால் தொட்டுக்கொண்டிருந்தேன்.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் இடத்தில் ஆர்டர் எழுதுபவன் நான். கீழே சமையல்கட்டு, மேலே ஆபீஸ். கல்யாண வீட்டார் படியேறி வந்ததும் முதலில் என் முகத்தில்தான் விழித்தாக வேண்டும். என் நாற்காலி ஜன்னலோரம். அதில் உட்கார்ந்தால் தெரு தெரியும், தேர் வந்தால் தேர் தெரியும், கீழே ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிப் போடுகிற நேரம் மூக்குக்குத் தெரியும். காபி கூப்பிடாமலே ஏறி வரும். இதைவிட நல்ல நாற்காலி அரசாங்கத்தில்கூட இருக்காது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்களிடம் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. தலையை எண்ணினால் கண் படும். அதனால் கணக்கு எப்போதும் இலையில்தான். அந்த இலைக் கணக்கையும் நாமாக வாயைத் திறந்து கேட்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். கேட்டால் பெண்ணைப் பெற்றவர் பயந்துபோய்க் குறைத்துச் சொல்வார்; பக்கத்தில் சம்பந்தி உட்கார்ந்திருந்தால் மானத்துக்காகக் கூட்டிச் சொல்வார். காபியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். டம்ளர் பாதி காலியாகும்போது அவர்களே சொல்வார்கள். அப்போது வாயில் வருவதுதான் நிஜமான எண். இப்படிச் சும்மா இருப்பதில் மாட வீதி நான்கிலும் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது என்னுடைய அபிப்பிராயம். என் மனைவியின் அபிப்பிராயமும் அதுதான், ஆனால் அவள் அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை.

இப்படி ராஜாவாக இருந்தவனுக்கு முதலாளியின் மகள் வழியாக வந்தது சோதனை. கம்ப்யூட்டர் படித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் பெரிய கம்பெனி ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்து, அலுத்துப்போய் அப்பாவின் தொழிலுக்கே திரும்பி வந்தவள். சின்ன வயதில் இரட்டைச் சடையோடு சமையல்கட்டில் நுழைந்து சுடச்சுட வடை தூக்கிக்கொண்டு ஓடுவாள். அப்போது பாப்பா என்று கூப்பிட்டேன். இப்போது மேடம் என்று கூப்பிடலாமா என்று யோசித்து யோசித்து, எதுவுமே கூப்பிடாமல் இருமிவிட்டுப் பேசும் பழக்கத்துக்கு வந்திருந்தேன்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அடுப்பு பாதி அணைந்திருக்கும். அந்த ஓய்வைக் கண்டதும் அவளுக்கு யோசனை வந்துவிட்டது. தினமும் மத்தியானம் எங்களுக்குப் பைதான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லித் தரப்போகிறாளாம். குழந்தைகள்கூடக் கற்கிற எளிய மொழியாம். ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை நான் அவள் அப்பா முன்னிலையில் ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். இலை எண்ணிக்கையைக் கொடுத்தால் பருப்பு எவ்வளவு, வடை எத்தனை, அப்பளம் எத்தனை என்று அது சொல்ல வேண்டும். ஆவணியிலிருந்து ஆர்டர் மேஜை அப்படித்தான் நடக்கும்.

ஓடவில்லை என்றால் என்ன ஆகும் என்று இருமிவிட்டுக் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது மாமா. கொட்டிவாக்கம் கோடவுன்ல பாத்திரம் பாத்துக்க ஒரு ஆள் வேணும். நீங்க போலாம். கடல் காத்து நன்னா வரும்" என்றாள்.

எவ்வளவு பிரியமாகச் சொன்னாள் பாருங்கள். கொட்டிவாக்கம் கோடவுனை எனக்குத் தெரியும். அண்டாக்களும் குண்டாக்களும் கவிழ்த்து வைத்த கொட்டகை. அங்கே ரசமும் கிடையாது, காபியும் கிடையாது, படியேறி வருகிற மனுஷனும் கிடையாது. அண்டாவிடம் போய்ச் சும்மா இருந்து காட்டினால் அது என்ன எண் சொல்லப்போகிறது?

வகுப்பில் நாங்கள் இரண்டு பேர். இன்னொருவர் சாமான் வாங்கிப் போடுபவர். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், என் வயதுக்காரர். அவர் நாற்காலிக்கு ஆபத்து எதுவும் இல்லை. ஆபீஸ் அறையில் ஏசி ஓடுகிறது என்பதற்காக வந்து உட்கார்ந்தார். தப்பான கட்டளையில் எல்லாம் அழிந்துவிடும் என்ற ஞானத்தை எனக்கு அருளியவரும் அவர்தான். அவருடைய மச்சான் ஒருவர் செல்போனில் எதையோ அமுக்கப்போக, கல்யாண ஆல்பம் முழுக்கப் போய்விட்டதாம். ஆபீஸில் இருப்பதோ ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஆர்டர்களும் அதில்தான், பாடமும் அதில்தான். ஒரு புற்றுக்குள் பாம்பையும் வைத்து நம் பணப்பெட்டியையும் வைத்தது போல.

முதல் நாளே அவமானம். எழுதச் சொன்னாள். நான் எதை எழுதத் தொடங்கினாலும் மேலே பிள்ளையார் சுழி போடுகிறவன். மளிகைச் சீட்டுக்கே போடுபவன், ஆயுள் பிரச்சினையான புரோகிராமுக்குப் போடாமல் இருப்பேனா? முதல் வரியில் 'உ' என்று அடித்துவிட்டு, பக்தியோடு அடுத்த வரிக்குப் போனேன். ஓட்டினதும் சிவப்பாக வந்தது. 'உ' என்ற பெயரை யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை என்று அது ஆங்கிலத்தில் முறையிட்டது.

மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையாரைத் தெரியாது என்கிறது ஒரு இயந்திரம். ஆவணியில் பாதி போயிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

"புள்ளையாரையே தெர்லன்னுது. இதுகிட்ட நீ இன்னா நைனா கத்துக்கப் போற?" என்றார் சிந்தாதிரிப்பேட்டைக்காரர்.

அவள் சிரிக்கவில்லை. அந்த 'உ'வுக்கு முன்னால் '#' என்கிற ஹேஷ் குறியைப் போடச் சொன்னாள். அந்தக் குறி இருக்கிற வரியை அது படிக்காமல் தாண்டிப் போய்விடுமாம். போட்டேன். சிவப்பு மறைந்தது. அன்றிலிருந்து என் புரோகிராம்கள் எல்லாவற்றிலும் பிள்ளையார் ஹேஷ் மறைவில் உட்கார்ந்திருக்கிறார். அது அவரைப் பார்ப்பதில்லை. அவர் அதைப் பார்த்துக்கொள்கிறார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. இந்த மொழிக்குள்ளேயே சில வேலைகள் தயாராக இருக்கின்றன, நாம் செய்ய வேண்டியதில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்றாள். எங்கள் சமையல்கட்டும் அப்படித்தானே என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தேங்காய் துருவுகிறவர் ஒருவர், ஜாங்கிரி பிழிகிறவர் ஒருவர். பெயரைக் கூப்பிட்டு, கையில் சாமானைக் கொடுத்தால் வேலை முடிந்து வரும். அந்தச் சாமானைக் கொடுக்கிற கைதான் அடைப்புக்குறி. லென் என்று கூப்பிட்டால் எத்தனை உருப்படி என்று எண்ணிச் சொல்லும். மேக்ஸ் என்றால் இருப்பதில் பெரியது, மின் என்றால் சின்னது. சம் என்றால் எல்லாவற்றையும் கூட்டி வைக்கும். சார்ட்டட் என்றால் வரிசைப்படுத்தும். பிரிண்ட் என்றால் திரையில் காட்டும். டைப் என்பது ஜாதகத் தரகர் மாதிரி. எதைக் கொடுத்தாலும் இது என்ன குலம், எண்ணா எழுத்தா என்று விசாரித்துவிட்டுத்தான் மறுவேலை.

ஹெல்ப் என்று ஒன்று இருந்தது. ஆபத்பாந்தவன் என்று நினைத்துக் கூப்பிட்டேன். தி. நகரில் ஒருவரிடம் வழி கேட்டால் நாலு பேர் கூடி நாலு திசையைக் காட்டுவார்களே, அதுபோலத் திரை திரையாக ஆங்கிலத்தைக் கொட்டியது. நன்றி சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு இது நன்றாகவே வந்தது. போன தை மாதக் கல்யாணங்களின் இலைக் கணக்கை அடைப்புக்குறிக்குள் போட்டு, பெரியது எது, சின்னது எது, மொத்தம் எவ்வளவு என்று மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட்டேன். சிந்தாதிரிப்பேட்டைக்காரர் தூக்கத்திலிருந்து விழித்துக் கை தட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், சமையலறை டப்பாக்களின் லென் என்ன தெரியுமா என்று கேட்டேன். முதலில் அதில் ஒன்றைத் திறந்து காபிப்பொடி தீர்ந்திருப்பதைப் பார்க்கும்படி சொன்னாள்.

ரவுண்ட் என்பதில்தான் கலகம் வந்தது. பன்னிரண்டரை கிலோ பருப்பைக் கொடுத்தால் பன்னிரண்டு என்றது. பதின்மூன்றரையைக் கொடுத்தால் பதினாலு என்றது. சிந்தாதிரிப்பேட்டைக்காரர் எழுந்தே விட்டார். வாழ்நாள் முழுக்கத் தராசோடு மல்லுக்கட்டியவர்.

"ஒரு வாட்டி கீய போவுது, ஒரு வாட்டி மேல போவுது. கட வச்சிகினு கீதா இது?"

சரிபாதியாக இருந்தால் பக்கத்தில் உள்ள இரட்டை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம், அதில் ஒரு நியாயம் உண்டு என்று அவள் விளக்கினாள். நியாயம் இருக்கலாம். ஆனால் கல்யாணச் சமையலில் பாதி என்றால் மேலேதான். கீழே போனால் கடைசிப் பந்தியில் சாம்பார் தண்ணியாகும். நான் அந்த இடத்தில் ரவுண்டைக் கூப்பிடாமல், முழு எண்ணை மட்டும் எடுத்து ஒன்றைக் கூட்டிக்கொண்டேன். அவள் புருவத்தைத் தூக்கி, "பரவால்லியே மாமா" என்றாள். அன்றைக்கு நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தே உட்கார்ந்தேன்.

சாய்ந்தவனை நிமிர்த்த இன்புட் வந்தது. அதுவரை இலை எண்ணிக்கையை நாங்களே புரோகிராமுக்குள் எழுதி வைத்துக்கொண்டிருந்தோம். இன்புட் என்று போட்டால் ஓடும்போது அதுவே நம்மிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அடைப்புக்குறிக்குள் 'எத்தனை இலை?' என்று எழுதினால் அந்தக் கேள்வி திரையில் வரும். நாம் பதில் அடித்து என்டரைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கேள்வி வந்தது. நானூறு என்று அடித்தேன். இலைக்கு இரண்டு வடை. எத்தனை வடை என்று பிரிண்ட் காட்டியது: நாலு லட்சத்து நானூறு.

நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். சிந்தாதிரிப்பேட்டைக்காரர் திரைக்கு அருகில் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"இன்னா நைனா, கல்யாணம் மெரினாவுலயா?"

அப்புறம் அவள் சொன்ன காரணம் இது. இன்புட் வாங்கித் தருவது எதுவானாலும் எழுத்து என்ற குலத்தில்தான் வரும். நானூறு என்று நாம் அடித்தாலும் அதற்கு அது நாலு, சுழி, சுழி என்ற வெறும் எழுத்து. எழுத்தை இரண்டால் பெருக்கு என்றால் பக்கத்தில் இன்னொரு தடவை எழுதி வைக்கும். நானூறு, அதை ஒட்டி இன்னொரு நானூறு. இன்ட் என்பதைக் கூப்பிட்டு முதலில் அதை எண்ணாக்க வேண்டும். ஆக்கினேன். எண்ணூறு வடை. எண்ணெய்ச் சட்டி மனசுக்குள் அடங்கியது.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாம் தயார். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்; சிவப்பு இல்லை. அவளும் கீழே இறங்கிப் போய்விட்டாள். ஆர்டர் மேஜையில் தனியாக இருந்தபோது, நாளைக்கு முதலாளி இங்கே வந்து நிற்பார் என்ற நினைப்பு வந்தது. அவர் கண்ணெதிரே திரையில் 'எத்தனை இலை?' என்று பட்டவர்த்தனமாக ஒரு கேள்வி வந்தால் என்ன நினைப்பார்? இத்தனை வருஷம் என் கீழே இருந்து இதைத்தான் கற்றுக்கொண்டாயா என்று கேட்க மாட்டாரா? மரியாதை தெரியாத புரோகிராம் என் பெயரை வாங்கிவிடும். அடைப்புக்குறிக்குள் இருந்த கேள்வியை அழித்தேன். வெறும் அடைப்புக்குறி மட்டும் நின்றது. பார்க்க அடக்கமாகவும் இருந்தது. சேமித்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கோயில் பக்கம் ஒரு கும்பிடு போட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மற்றவர்கள் வருமுன்னரே போய்விட்டேன். ஆடி வெள்ளி என்பதால் குளத்தைச் சுற்றிக் கூட்டம். கீழே சமையல்கட்டில் கோயிலுக்குக் கொடுத்தனுப்பச் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று புரோகிராமை ஓட்டினேன்.

கறுப்புத் திரை. மேலே ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு. கண் சிமிட்டியது. வேறு ஒன்றுமே இல்லை. பருப்பு இல்லை, வடை இல்லை, அப்பளம் இல்லை. சிவப்பாகத் திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். திட்டக்கூட அதற்கு நாதியில்லை. நான் பார்த்தேன், அது சிமிட்டியது. நான் இன்னும் பார்த்தேன், அது இன்னும் சிமிட்டியது.

அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. ஆவணி போய்விட்டது.

இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தேன். இன்னொரு விசையைத் தொட்டால் ஐப்பசியும் கார்த்திகையும் போகும். சுவிட்சை அணைக்கலாம் என்றால், ஒருவேளை அதற்குள் இருப்பது இன்னும் போய்க்கொண்டிருந்து, பாதியில் நின்று, மீதியும் கெட்டுவிட்டால்? தோளில் இருந்த துண்டை எடுத்து விசைப்பலகையின் மேல் மெதுவாகப் போர்த்தினேன். தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போல. அதன் மேல் பெருங்காய டப்பா ஒன்றையும் வைத்தேன். எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இனி இருப்பது ஒரே வழி. ஆவணிக் கல்யாணக்காரர்களின் போன் நம்பர்கள் என் செல்போனில் இருக்கின்றன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்கள் வாயாலேயே எண்ணை வாங்கிவிட வேண்டும். முதலாளி கோயிலிலிருந்து வருவதற்குள் முடித்துவிட்டால் பாதி மானமாவது மிஞ்சும். ஆனால் கேட்கக் கூடாதே. இலை எத்தனை என்று நாமாகக் கேட்டு வழக்கமில்லை. அழிந்துபோன நேரத்திலும் வழக்கத்தை விடாத என் உறுதியை நீங்கள் கவனிக்க வேண்டும்.

முதலில் தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மகள் கல்யாணம். போனை எடுத்தார். வணக்கம் சொன்னேன், இன்றைக்கு ஆடி வெள்ளி என்று சொன்னேன். அதற்கு மேல் சும்மா இருந்தேன்.

அவரும் சும்மா இருந்தார். நேரில் என்றால் நடுவில் காபி இருக்கும். போனில் எதை நீட்டுவது? அவர் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன, காலங்காத்தால போனப் போட்டுட்டுப் பேசாம இருக்கீய?" என்றார். நான் அதற்கும் பேசவில்லை. ஒரு பெருமூச்சு வந்தது. "சரி, ஒங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. சம்பந்தி பக்கம் ஆள் கூடிட்டு. நானே சொல்லணும்னுதான் இருந்தேன். ஐநூறுன்னு சொன்னேம்லா, அறுநூத்தம்பது எலையாப் போட்டுருங்க."

நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். உள்ளே ஒரு மூலையில் பெருமையாகத்தான் இருந்தது. தொழில் தெரிந்தவன் என்றால் இவன்.

அந்தப் பெருமையோடு அடையாறுக்குப் போட்டேன். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, பேரன் கல்யாணம். வணக்கம், ஆடி வெள்ளி, மௌனம். அவர் என் மௌனத்தை ஒரு அலுவலகக் கடிதத்தைப் படிப்பது போல நிதானமாகப் படித்துவிட்டு, உங்கள் பக்கம் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லை என்று சொன்ன விதம் சரியில்லை போலிருக்கிறது. உங்கள் முதலாளியிடமே பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அடுத்தவரைக் கூப்பிடப் போகும்போது படியில் செருப்புச் சத்தம். முதலாளி நெற்றியில் குங்குமத்தோடு, கையில் செல்போனோடு வந்தார். பின்னாலேயே மகள். அதற்குப் பின்னால், ஒரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோடு சிந்தாதிரிப்பேட்டைக்காரர்.

"ஏம்ப்பா, அடையார்லேர்ந்து போன் வந்தது. நம்ம ஆர்டர் இருக்கா, போயிடுத்தான்னு கேக்கறார். என்ன நடக்கறது இங்க?" என்றார் முதலாளி.

மறைக்கிற நிலையில் நான் இல்லை. புரோகிராமை ஓட்டினேன், எல்லாம் போய்விட்டது, கறுப்பாகிவிட்டது, கடைசியாக ஒரு கோடு மட்டும் உயிரோடு இருக்கிறது என்று சொன்னேன். ஒரு எண்ணை மீட்டுவிட்டேன், மற்றதையும் மத்தியானத்துக்குள் மீட்டுவிடுவேன் என்றும் சொன்னேன். கொட்டிவாக்கத்துக்கு எந்த பஸ் என்று மனசு தனியாக யோசித்துக்கொண்டிருந்தது.

சிந்தாதிரிப்பேட்டைக்காரர் பொங்கலை வாயில் போட்டுக்கொண்டு, "நான் சொல்லல? என் மச்சானுக்கும் இப்டித்தான்" என்றார்.

முதலாளியின் மகள் மேஜைக்கு வந்தாள். துண்டைப் பார்த்தாள். துண்டின் மேலிருந்த பெருங்காய டப்பாவைப் பார்த்தாள். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன். டப்பாவை எடுத்து ஓரமாக வைத்து, துண்டை மடித்து என் தோளிலேயே போட்டாள். பிறகு அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாமா, நேத்திக்கு நான் போனப்புறம் எதையாவது மாத்தினேளா?"

கேள்வியை மட்டும் எடுத்தேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். அப்பா எதிரில் இலை எத்தனை என்று கேட்டால் நன்றாக இருக்காதே என்றேன்.

முதலாளி தலையை ஆட்டினார். "சரியாத்தானே பண்ணியிருக்கான். கேக்கப்படாது."

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னை என் நாற்காலியிலேயே உட்காரச் சொன்னாள்.

"ஒரு நம்பர் அடிங்கோ."

தொட மாட்டேன் என்றேன். அடிங்கோ மாமா, நான் இருக்கேன் என்றாள். அண்ணாச்சியின் எண்தான் கையில் இருந்தது. ஆறு, ஐந்து, சுழி. கண்ணை மூடிக்கொண்டு என்டரைத் தட்டினேன்.

கண்ணைத் திறந்தேன். பருப்பு, பாதி மேலே ஏறி, முழுக் கிலோவாக நின்றது. வடை ஆயிரத்து முந்நூறு. அப்பளம், அதற்குக் கீழே. ஒவ்வொன்றும் தன் வரியில் வந்து உட்கார்ந்திருந்தது. சிந்தாதிரிப்பேட்டைக்காரர் மனசுக்குள் கூட்டிப் பெருக்கிப் பார்த்துவிட்டு, கரீட்டுதான் என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அவள் திரையில் இன்னொரு ஜன்னலைத் திறந்து ஆர்டர்களைக் காட்டினாள். ஆவணி அப்படியே இருந்தது. அண்ணாச்சி மட்டும் இன்னும் ஐநூறிலேயே இருந்தார். அதை அங்கேயே அறுநூற்றைம்பதாகத் திருத்தினேன். அடையாறுக்கு முதலாளி தானே போன் போட்டு, ஆடி வெள்ளிக்கு மரியாதைக்காகக் கூப்பிட்டான், பையன் கொஞ்சம் பேச்சுக் குறைச்சல் என்றார். ஐம்பது தாண்டியவனைப் பையன் என்று சொன்னதை நான் ஆட்சேபிக்கவில்லை.

அடைப்புக்குறிக்குள் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். கேள்வி கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். கடைசியில் அதற்குள் 'காபி சாப்பிடுங்கோ' என்று எழுதினோம். இப்போதும் எங்கள் ஆர்டர் மேஜையில் புரோகிராமை ஓட்டினால் திரையில் முதலில் அதுதான் வரும். நான்தான் ஓட்டுகிறேன், ஜன்னலோரம் உட்கார்ந்து. பாத்திரம் பார்த்துக்கொள்ளக் கொட்டிவாக்கத்துக்கு வேறு ஆள் போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு எதுவும் அழியவில்லை. எதுவும் கெடவும் இல்லை. ஒரு எண்ணை வாங்கிக்கொள் என்று புரோகிராமில் நான் எழுதியிருந்தேன். கேட்க வேண்டாம் என்றும் நானே வைத்திருந்தேன். அது கேட்காமல் காத்துக்கொண்டிருந்தது. நான் எண்ணை அடிக்கவில்லை.